ஹாலுக்கு முன்னால் தெருவைக் காட்டுங்கள்

‘மடிப்பாக்கத்தில் தனி வீடு, கிழக்குப் பார்த்த வாசல், லோன் வசதி உண்டு!’ யூடியூபில் இப்படித் தொடங்கும் வீடியோக்கள் ஏராளம். பின்னணி இசை அலறும், கேமரா ஹாலைச் சுற்றி ஓடும், மாடுலர் கிச்சனின் கதவு திறந்து மூடும். முழுக்கப் பார்த்த பிறகும் வீட்டுக்கு முன்னால் உள்ள தெரு எத்தனை அடி என்று தெரியாது.

வாங்க வருகிறவர் முதலில் தெருவைத்தான் பார்ப்பார். கார் திரும்புமா, வடிகால் இருக்கிறதா, வாசல் தெருவைவிட உயரமா, பள்ளமா? 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் பார்த்த சென்னையில், ‘தண்ணி நின்னுச்சா?’ என்று கேட்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் என்றால் சொல்லவே வேண்டாம். வீட்டை விற்க வீடியோ எடுக்கும் நீங்கள் அந்தக் கேள்விக்கு அதிலேயே பதில் சொல்லிவிடுங்கள். நின்றது என்றால், எந்தப் படிவரை என்று கையை வைத்துக் காட்டுங்கள். நீங்கள் மறைத்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அதன்பின் நீங்கள் சொன்ன நல்லதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்த வில்லன் செல்போனில் 0.5 என்று இருக்கும் அகல லென்ஸ். பத்துக்குப் பத்து அறையைக் கல்யாண மண்டபம்போல் காட்டிவிடும். நேரில் வந்தவர் வாசற்படியிலேயே ஏமாந்து நிற்பார். விலை பேசவே மனம் வராது. 1 என்ற சாதாரண லென்ஸில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, நெஞ்சு உயரத்தில் போனைப் பிடித்து மெதுவாக நடங்கள். குளியலறைபோலச் சின்ன இடத்துக்கு மட்டும் அகல லென்ஸ் போடலாம். அப்போது நீள அகலத்தைத் திரையில் எழுதிவிட வேண்டும். கேட்டிலிருந்து மொட்டை மாடிவரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தால்தான், எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறோம் என்பது புரியும். இசை வேண்டாம். குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைக் காட்டுங்கள். போர்வெல்லா, மெட்ரோ வாட்டரா என்று சொல்லுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் அப்பாவை அனுப்பி வீடு பார்க்கிறவருக்கு இந்த நீள வீடியோதான் கண். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் அரை நிமிட வீடியோ, விசாரிப்பு வரவழைக்க மட்டும்.

அடுக்ககம் என்றால் ‘1,200 சதுர அடி’ என்று மொட்டையாகச் சொல்வது அநியாயம். கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் பயன்படுத்தும் பரப்பு) எவ்வளவு, யூ.டி.எஸ். (மனையில் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு என்று தனித்தனியே சொல்லுங்கள். புதிய திட்டங்களை விற்கும் பில்டர்களுக்கு விளம்பரத்தில் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. ரெரா எனப்படும் 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவுக்கு முன் விளம்பரப்படுத்தக் கூடாது. விளம்பரத்தில் ரெரா இணையதள முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம்.

காட்டக் கூடாதவையும் உண்டு. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் தயாராக இருக்கின்றன என்று வாயால் சொன்னால் போதும். பக்கங்களைத் திரையில் காட்டுவது மோசடிக்காரர்களுக்கு நாமே எடுத்துக் கொடுப்பது. பீரோ, பூட்டு, குழந்தைகளின் போட்டோ, சிசிடிவி இருக்கும் மூலை எதுவும் படத்தில் வேண்டாம். பத்திரப்பதிவு முடிந்த அன்றே வீடியோவை நீக்கிவிடுங்கள். பகிர்ந்த புரோக்கர்களிடமும் சொல்லி நீக்கச் செய்யுங்கள். அந்தப் படுக்கையறையில் இனி வேறொரு குடும்பம் தூங்கப்போகிறது.