உறங்காத செயலியும் உடையாத ஒலியும்

பாடுவது ஒரு கலை; பாடியதைப் பழுதின்றிப் பதிவு செய்வதும் ஒரு கலையே. முன்பு ஒலிப்பதிவு என்றால் பெரிய கூடங்களும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும். இன்றோ ஒரு கணிப்பொறி, ஒரு மைக், குரலைக் கணிப்பொறிக்குள் அனுப்பும் ஒரு சிறு பெட்டி ஆகியவை இருந்தால் மாணவியராகிய நாமே பதிவு செய்துவிடலாம். ஆயினும், அருமையாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே "டப், டப்" என்ற ஓசை இடையில் புகுந்து பாட்டைக் கெடுத்துவிடுவதுண்டு. மனம் ஒன்றிப் பாடிய பாட்டு மறுமுறை அதேபோல் அமைவதில்லை. "கணிப்பொறி பழையதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும்" என்று பலர் உடனே சொல்லிவிடுகின்றனர். பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கும் முன் காரணத்தை அறிவது நல்லதல்லவா?

ஒலி எண்களாகிறது

கணிப்பொறி நம் குரலை எண்களாகவே அறியும். 1982-ல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒரு நொடி ஒலிக்கு 44,100 எண்கள். இன்றைய பதிவுகளில் பெரும்பாலும் 48,000 எண்கள். இவை ஒவ்வொன்றாகச் செல்வதில்லை. தொகுதி தொகுதியாகச் செல்கின்றன. அத்தொகுதியைத் தாங்கும் இடத்திற்கு 'பஃபர்' என்று பெயர்.

ஒரு சொம்பின் அடியில் சிறு துளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீர் அறாமல் ஒழுக வேண்டுமானால், சொம்பு காலியாகும் முன் ஒருவர் வந்து நிரப்ப வேண்டும். அவர் ஒரு கணம் தாமதித்தாலும் நீரின் ஒழுக்கு அறுந்துவிடும். அந்த அறுதல்தான் நாம் கேட்கும் "டப்". நிரப்புபவர் யார்? கணிப்பொறியின் செயலி.

சொம்புக்குப் பதில் அண்டாவை வைத்தால் என்ன? ஒழுக்கு அறாது, ஆனால் புதிதாக ஊற்றிய நீர் வெளியே வர நெடுநேரமாகும். 256 எண்கள் கொண்ட தொகுதிக்கு ஏறத்தாழ 5.3 மில்லி நொடி. 1024 எண்களுக்கு 21.3 மில்லி நொடி. உள்ளே வருவதற்கு ஒரு முறை, வெளியே செல்வதற்கு ஒரு முறை என்று கூட்டினால் 42 மில்லி நொடியைத் தாண்டும். காற்றில் ஒலி இந்நேரத்தில் 14 மீட்டர் சென்றுவிடும்! தன் குரலையே அவ்வளவு பிந்திக் ஹெட்போனில் கேட்கும் பாடகிக்குத் தாளம் தப்பாமல் இருக்குமா?

செயலி ஏன் தூங்குகிறது?

மின்சாரத்தை மிச்சப்படுத்தவும் சூட்டைக் குறைக்கவும், வேலை குறைந்தவுடன் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இன்டெல் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் மடிக்கணிப்பொறிகளுக்கு 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற பெயரில் இவ்வசதியை அளித்தது. வேலையே இல்லாத கணங்களில் செயலி உறக்க நிலைக்கும் செல்லும். உறக்கம் ஆழமாக ஆக, விழிக்கும் நேரமும் கூடும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒலிப்பதிவின்போது செயலி ஒரு தொகுதியை விரைந்து முடித்துவிட்டு, அடுத்ததற்காகச் சும்மா இருக்கிறது. மொத்தத்தில் பார்த்தால் வேலை குறைவுதான். அதைக் கண்டு கணிப்பொறி வேகத்தைக் குறைக்கிறது. அடுத்த தொகுதி வரும்போது செயலி அரைத்தூக்கத்தில் இருக்கிறது! ஆகவே, மொத்த வேலை எவ்வளவு என்பதைவிட, ஒவ்வொரு தொகுதியும் குறித்த நேரத்தில் முடிந்ததா என்பதே முக்கியம்.

செய்ய வேண்டியவை

முதலில் மடிக்கணிப்பொறியை மின்னிணைப்பில் வைக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது அது சிக்கனத்தையே நாடும். விண்டோஸில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சில புதிய கணிப்பொறிகளில் அது காணப்படாது. அவற்றில் 'பவர் மோட்' என்ற இடத்தில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' இருக்கும். லினக்ஸில் 'கவர்னர்' என்பதை 'பெர்ஃபார்மன்ஸ்' ஆக்க வேண்டும். ஒலிப்பெட்டி யு.எஸ்.பி. வழியாக இணைந்திருந்தால், யு.எஸ்.பி. உறங்கும் வசதியையும் நிறுத்திவிடலாம்.

பின்பு பஃபரை 256-ல் வைத்துப் பத்து நிமிடம் பாடிப் பார்க்க வேண்டும். ஒலி உடையாவிட்டால் 128-க்கு இறங்கலாம். உடைந்தால் வை-ஃபையை அணைத்துப் பார்க்கலாம். அதன் இயக்க நிரலும் சில வேளைகளில் செயலியைத் தடுத்து நிறுத்துவதுண்டு. பாடி முடித்தபின் ஒலியைச் சீர்செய்யும் வேலைக்கு 1024 போதும். அப்போது எவரும் தம் குரலுக்காகக் காத்திருப்பதில்லை.

அளவோடு வேண்டும்

எந்நேரமும் முழு வேகம் நல்லதன்று. செயலி சூடேறும், விசிறி இரையும், அந்த இரைச்சல் மைக்கிலும் விழும். சூடு எல்லை மீறினால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்து, நம் முயற்சியையே வீணாக்கிவிடும். மின்சாரமும் விரயமாகும். எனவே காற்றோட்டமான இடத்தில் வைத்து, பதிவு முடிந்ததும் பழைய அமைப்புக்கே மாற்றிவிட வேண்டும்.

இம்மாற்றங்களுக்கு ஒரு பைசாவும் செலவில்லை. நம் வீட்டுப் பழைய கணிப்பொறியே நம் குரலைக் காத்துத் தரும். எனவே தோழியரே, பொருளைக் குறை கூறுமுன் அதன் இயல்பை அறிவோம். கடமை வரும் கணத்தில் விழித்திருப்பதும், அது முடிந்தபின் ஓய்வதும் செயலிக்கு மட்டுமன்றித் தேர்வுக்குப் படிக்கும் நமக்கும் பொருந்துமன்றோ!