விண்ணில் ஒரு வெப்பமானி

சேலத்தில் வியர்வை வழியப் பேருந்து ஏறுகிறவர், ஏற்காட்டைக் கடந்து நாகலூரில் இறங்கும்போது போர்வையைத் தேடுகிறார். மேலே செல்லச் செல்ல, ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் வீதம் காற்று குளிர்வதே காரணம். சேர்வராயன் மலைக்கும் மேலே, பல கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றின் வெப்பநிலையை எப்படி அறிவது? பலூனில் கருவியைக் கட்டி அனுப்பலாம். பரந்த கடல்களின் மேல் நாள்தோறும் பலூன் விட இயலுமா? அக்குறையைச் செயற்கைக்கோள் நீக்குகிறது.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அதன் மூலக்கூறுகள் ஓயாமல் நுண்ணலைகளை வெளிவிடுகின்றன. காற்று சூடாயிருந்தால் அலை வலுவாக வரும்; குளிர்ந்திருந்தால் வலுக் குறையும். விநாடிக்கு 5,374 கோடி முறை அதிரும் அலையின் வலிமையை அளந்து வெப்பநிலையைக் கணக்கிடலாம். இது நாகலூரின் வெப்பநிலையன்று. பல கிலோமீட்டர் தடிப்புள்ள காற்றடுக்கின் சராசரி.

இத்தகைய தொடர் அளவீடு 1978இல் டைரோஸ்-என் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளுடன் தொடங்கியது. ஒரு செயற்கைக்கோளின் ஆயுள் சில ஆண்டுகளே. எனவே பழையதும் புதியதும் சேர்ந்து பறக்கும் காலத்தில் இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கழித்துத் தொடரை இணைக்கிறார்கள். ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும் 1990இல் இப்படி ஒரு தொடரை வெளியிட்டனர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாகலூரில் ஒரு வெப்பமானியை முதல் ஆண்டு பிற்பகல் 2 மணிக்குப் பார்க்கிறீர்கள் என்று கொள்வோம். ஆண்டுக்கு அரை மணி பிந்தினால், ஏழாம் ஆண்டில் 5 மணிக்குப் பார்ப்பீர்கள். மலை குளிர்ந்துவிட்டதாக ஏடு சொல்லும். உண்மையில் மாறியது பார்த்த நேரம்தான்!

பாதை மெல்ல விலகுவதால் செயற்கைக்கோள்களுக்கும் இதே நிலைதான். இதற்காக ஸ்பென்சரும் கிறிஸ்டியும் செய்த திருத்தத்தில் பிழை இருப்பதைக் கார்ல் மியர்ஸ், ஃபிராங்க் வென்ட்ஸ் ஆகியோர் 2005இல் எடுத்துக்காட்டினர். அதை ஏற்றுத் திருத்தியபோது, வெப்ப உயர்வு வீதம் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.035 பாகை கூடியது. சிறிய எண்தானே என்று எண்ண வேண்டாம். அதற்கு முன் அவர்கள் கண்ட வீதமே 0.1 பாகைக்கும் குறைவு!

இன்று இரு குழுவினரின் தொடர்களும் கீழ்வளிமண்டலம் 1979 முதல் வெப்பமடைந்து வருவதையே காட்டுகின்றன. ஒன்று பத்தாண்டுக்குச் சுமார் 0.15 பாகை என்கிறது, மற்றது 0.2 பாகைக்குச் சற்று மேல் என்கிறது.

உங்கள் பள்ளியில் வெப்பநிலை ஏடு எழுதுகிறீர்களா? எண்ணோடு நேரத்தையும் குறியுங்கள். வெப்பமானியை மாற்றினால், பழையதையும் புதியதையும் ஒரு மாதமாவது அருகருகே வைத்துப் பாருங்கள். அப்போதுதான் பின்னால் வருகிறவர்கள் அந்த ஏட்டை நம்ப முடியும்.