தண்ணீருக்குள் இறங்கும் இயந்திரம்

பாஷை தெரியாது என்று பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைகளிலிருந்து ஒதுங்கி நிற்கிறோம். 'சீபேர்ச்' செய்வதற்குக் கைதான் வேண்டும். 2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான திட்டம் அது. பிவிசி குழாய்ச் சட்டம், மூன்று சிறு மோட்டார்கள், 12 வோல்ற் பற்றறி, கரையிலிருந்து நீளும் வயர்.

மோட்டாரைச் சிறு டப்பியில் வைத்து மெழுகு நிரப்பி அடைக்க வேண்டும். இதில் அவசரம் வேண்டாம். தண்ணீர் புகுந்தால் வாரக்கணக்கான உழைப்பு போய்விடும். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

குழாய்களில் துளையிட்டால் உள்ளே தண்ணீர் நிரம்பும். மேலே நுரைத்துண்டு, கீழே பாரம். வலைக்கு மிதப்பும் ஈயமும் கட்டிய ஊரவருக்கு இது புதிதா என்ன? குளியல் தொட்டியில் அமிழ்த்தி, ஆட்டிக் குமிழிகளை வெளியேற்றிவிட்டுக் கையை எடுங்கள். மிக மெதுவாக மேலெழும்பினால் சரி. பற்றறி நின்றாலும் தானாக மேலே வரும். கடலில் விடுவதானால் பாரம் கூட்டுங்கள், உப்புநீர் கூடுதலாகத் தூக்கும்.

இறக்கும் நாளில் ஒருவர் சுவிட்சைப் பிடிக்க, இன்னொருவர் வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வயர் சுழலியில் சிக்கினால் மோட்டாரை நிறுத்திவிட்டு இழுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் இணைக்க விடாதீர்கள். பற்றறிதான், அதற்கும் பியூஸ் போட்டே.