கால் எச்.பி. மோட்டாரும் 140 கிலோமீட்டர் பந்தும்

மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கடிதம். ஊர் கிரிக்கெட் அணிக்கு நண்பர்கள் சேர்ந்து பந்து வீசும் இயந்திரம் ஒன்றைத் தாங்களே செய்யப்போகிறார்களாம். கடையில் விற்பது கட்டுப்படியாகவில்லை. ஒருவருக்கு விருத்தாசலம் சாலையில் வெல்டிங் பட்டறை இருப்பதால் ஸ்டாண்டுக்குக் கவலையில்லை. தகராறு மோட்டாரில்தான். ஒருவர் 2 எச்.பி. என்கிறார், இன்னொருவர் போர்வெல்லுக்குப் போடுகிற 5 எச்.பி.க்குக் குறைந்தால் பந்து பிட்ச் வரைகூடப் போகாது என்கிறார். ‘மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பந்து போக எத்தனை எச்.பி. வேண்டும்? அதிலேயே லெக் ஸ்பின்னும் போட வைக்கலாமா?’

இரண்டாவது கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதல் கேள்வி அருமையானது. ‘160 கி.மீ. வேகம்’, ‘செயற்கை நுண்ணறிவு பௌலிங்’ என்றெல்லாம் கூவும் விளம்பரங்களில் இதற்கு விடை கிடைக்காது. அந்த 160-ஐக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதும் நல்லது. பல இயந்திரங்களில் அந்த எண், சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதிலிருந்து கணக்குப் போட்டுக் காட்டுவது. வெளியே வந்த பந்தை யாரும் ராடார் வைத்து அளக்கவில்லை.

கணக்குக்கு வருவோம். கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். 140 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 39 மீட்டர். பந்துக்குத் தேவையான ஆற்றல் 120 ஜூல் சொச்சம். அற்பம். ஆனால் அதைக் கொடுக்கக் கிடைக்கிற நேரத்தைப் பாருங்கள். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு சக்கரங்கள், ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் விட்டம், நடுவே 6 சென்டிமீட்டர் இடைவெளி. அதற்குள் 7.2 சென்டிமீட்டர் பந்து நுழைகிறது. சக்கரங்கள் பந்தைத் தொட்டதிலிருந்து விடுவதுவரை பந்து நகரும் தூரம் ஒரு சாணுக்கும் குறைவு, ஒன்பதரை சென்டிமீட்டருக்குள். அதற்குள் நின்ற நிலையிலிருந்து 39 மீட்டர் வேகத்துக்குப் போயாக வேண்டும். ஆகும் நேரம் ஒரு நொடியில் 200-இல் ஒரு பங்கு. பந்தின் மேல் விழும் விசை 130 கிலோ எடைக்குச் சமம்.

இன்னொரு செலவும் இருக்கிறது. பந்து உள்ளே வரும்போது அதற்கு வேகமே இல்லை, சக்கர விளிம்போ 39 மீட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. பந்து அந்த வேகத்தை எட்டும்வரை ரப்பர் அதன் மேல் வழுக்கித் தேய்கிறது. கணக்குப் போட்டால், சக்கரம் கொடுத்த ஆற்றலில் சரிபாதி சூடாகிப் போயிருக்கும். உயர்ந்த ரப்பர் போட்டாலும் இந்தப் பாதியிலிருந்து தப்ப முடியாது. வழுக்கும் நேரம் குறையும், அவ்வளவே. ஆகவே ஒரு பந்துக்குச் சக்கரங்கள் இழப்பது 240 ஜூல். அதை நொடியில் 200-இல் ஒரு பங்கு நேரத்தில் கொடுக்க வேண்டுமென்றால் 48 கிலோவாட், ஏறக்குறைய 65 எச்.பி. போர்வெல் மோட்டார் கட்சிக்காரர் இதைப் படித்துவிட்டுத் துள்ள வேண்டாம். இந்த வேலையை இரண்டு கால் எச்.பி. மோட்டார்கள் செய்கின்றன.

எப்படி என்று கேட்டால், பஸ் ஸ்டாண்டு பக்கம் கரும்புச் சாறு வண்டியைப் போய்ப் பாருங்கள் என்பேன். நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே சர்க்கரை ஆலை வந்த மாவட்டத்துக்காரரிடம் கரும்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மோட்டார் வைத்த இப்போதைய வண்டியை விடுங்கள். கையால் சுற்றும் பழைய வண்டி, பக்கவாட்டில் ஆளுயரத்தில் பாதி இருக்கும் இரும்புச் சக்கரம், அதில் கட்டிய சலங்கை. கடைக்காரர் முதலில் வெறுமனே நாலு சுற்றுச் சுற்றுவார். கரும்பை உடனே கொடுக்க மாட்டார். சலங்கை ஒரு தாளத்துக்கு வந்த பிறகுதான் நுனியை உருளைகளுக்கு நடுவே வைப்பார். சாதாரண இடத்தில் உருளை கரும்பை அலுங்காமல் இழுத்துக்கொள்ளும். கணு வந்து மாட்டும்போது பார்க்க வேண்டும். அந்தக் கணுவை நசுக்கும் பலம் அவர் தோளில் கிடையாது. முந்தைய நாலு சுற்றில் அவர் கொடுத்ததை எல்லாம் சக்கரம் வைத்திருந்து அந்த ஒரு நொடியில் கொட்டுகிறது. சலங்கை ஒரு கணம் தடுமாறும், பிறகு பழைய தாளத்துக்கு வரும். அவர் கை ஒரே சீராகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

பௌலிங் மெஷினும் அதுதான். பந்து என்பது கணு மட்டுமே உள்ள கரும்பு. மோட்டார் என்பது கடைக்காரரின் கை. மூன்று கிலோ எடையுள்ள இரண்டு சக்கரங்கள் நிமிஷத்துக்கு 2,500 சுற்றுச் சுற்றும்போது அவற்றில் 3,000 ஜூல் அளவுக்குச் சேர்ந்திருக்கும். ஒரு பந்து 240-ஐ எடுத்துக்கொண்டு போகிறது. சக்கர வேகம் நூற்றுக்கு நாலு பங்கு குறைகிறது. அடுத்த பந்துக்கு ஆறு நொடி இருக்கிறது என்றால் மோட்டார் திருப்பிக் கொடுக்க வேண்டியது வெறும் 40 வாட். மோட்டாரின் மீதித் திறன், சக்கரம் காற்றைக் கிழிப்பதற்கும் பேரிங் உராய்வுக்கும் போகிறது. அனுபவமுள்ள பயிற்சியாளர் டிஜிட்டல் எண்ணைப் பார்ப்பதில்லை. ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் ஒரு படி இறங்கி மறுபடி ஏறுவதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் அடுத்த பந்தைப் போடுகிறார். அவருக்கு அதுதான் சலங்கை. அவசரப்பட்டால் இரண்டாவது பந்து 134-இல் போகும். கரும்பு உருளையில் வரி வரியாகப் பள்ளம் வெட்டியிருப்பதற்கும் சக்கரத்துக்குச் சொரசொரப்பான ரப்பர் போடுவதற்கும் காரணம் ஒன்றுதான், உள்ளே இழுக்கும் உராய்வு பிதுக்கி வெளியே தள்ளும் விசையை ஜெயிக்க வேண்டும். ஏன், சக்கைகூட உண்டு. தோல் பந்தை நாலைந்து ஓவர் இதில் விட்டு எடுங்கள், மேல்பூச்சு உரிந்து தையல் நூல் பிசிறிட்டு நிற்கும். குண்டும் குழியுமான பாலியூரித்தேன் பந்தை இந்த இயந்திரங்களுக்கென்றே தனியாகச் செய்வது அதனால்தான். இதற்கு மேல் இழுத்தால் இஞ்சிக்கும் எலுமிச்சைக்கும் இடம் தேட வேண்டிவரும்.

ஆக, மங்கலம்பேட்டை நண்பர்கள் காசை மோட்டாரில் போட வேண்டாம், சக்கரத்தில் போடட்டும். அரைக் கிலோ பிளாஸ்டிக் சக்கரம் வைத்தால் என்ன மோட்டார் வைத்தாலும் பந்து வெளியே வருவதற்குள் சக்கரம் சோர்ந்துவிடும். கனமான சக்கரத்தில் வேறொரு ஆபத்து இருக்கிறது. விளிம்பில் 30 கிராம் ஏற்றத்தாழ்வு இருந்தால் போதும், 2,500 சுற்றில் அது 30 கிலோ விசையோடு நொடிக்கு 42 தடவை ஸ்டாண்டை உலுக்கும். கார் டயருக்கு ஈயத் துண்டு ஒட்டி பேலன்ஸ் பார்க்கிற கடையில் கொடுத்துச் சரி பார்க்காமல் ஓட்டவே கூடாது. இரும்பு வலை மூடியும் கட்டாயம். சுவிட்சை அணைத்த பிறகும் சக்கரம் வெகுநேரம் ஓடும், மாட்டிக்கொண்ட பந்தை எடுக்கக் கையை விடுகிற ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறார். மார்கழிப் பனியில் நனைந்த பந்து வழுக்கி மெதுவாகப் போனால் மோட்டாரைத் திட்டாதீர்கள், துணியால் துடையுங்கள்.

வரலாறு கேட்பார்கள் என்பதற்காக ஒரு பத்தி. 1837-ஐ ஒட்டி ‘ஃபெலிக்ஸ்’ என்ற பெயரில் ஆடிய இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் நிக்கோலஸ் வானோஸ்ட்ரோக்ட், ‘கேட்டபல்டா’ என்ற கவண் பொறியால் பந்து வீசினார். வென் படங்களை நமக்குத் தந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜான் வென்னும் ஒரு பொறி செய்தார். 1909-இல் அங்கே வந்த ஆஸ்திரேலிய அணியின் நட்சத்திரம் ஒருவரை அது நான்கு முறை க்ளீன் பௌல்டு ஆக்கியதாகக் குறிப்பு இருக்கிறது. இரட்டைச் சக்கரப் பொறிகள் பயிற்சி வலைகளுக்குள் பரவலாக வந்தது 1980-களில்தான். போதும்.

இனி லெக் ஸ்பின். இரண்டு சக்கரங்களுக்கும் தனித்தனி வேகக் கட்டுப்பாடு வையுங்கள். பந்தின் வேகம் இரண்டு விளிம்பு வேகங்களின் சராசரி, சுழற்சியைத் தருவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்று 29.7 மீட்டர், மற்றது 14.7 மீட்டர் என்று வைத்தால் பந்து மணிக்கு 80 கிலோமீட்டரில், நிமிஷத்துக்கு 2,000 சுற்றோடு கிளம்பும். நல்ல சுழல் பந்து வீச்சாளர் கொடுக்கிற அளவுதான். காகிதத்தில் ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்ன் வந்துவிட்டார்.

தரையில் பட்டதும் ஏமாற்றம். இரண்டு சக்கரங்கள் கொடுக்கும் சுழற்சியின் அச்சு எப்போதும் பந்து போகும் திசைக்குக் குறுக்காகத்தான் இருக்கும். சக்கரங்கள் மேலும் கீழுமாக இருந்தால் டாப் ஸ்பின் அல்லது பேக் ஸ்பின். இயந்திரத்தின் தலையைப் படுக்கவைத்தால் அச்சு செங்குத்தாகிவிடும். காற்றில் பந்து அழகாக வளையும், விற்பவர் அதற்கு ‘ஸ்விங்’ என்று பெயர் வைத்திருப்பார். வேகப்பந்து வீச்சாளர் பும்ராவின் கையிலிருந்து வரும் ஸ்விங், தையலின் இரு பக்கமும் காற்று வேறுவேறாகப் பிரிவதால் வருவது, அந்த வம்சமே வேறு. செங்குத்து அச்சில் சுழலும் பந்து தரையைத் தொட்டால் தொட்ட இடத்திலேயே சுழல்கிறதே ஒழிய, பக்கவாட்டில் உதைத்துக்கொண்டு திரும்பாது. திரும்ப வேண்டுமானால் சுழலச்சின் ஒரு பங்காவது பந்து போகும் திசையிலேயே இருக்க வேண்டும். பந்தை மேல்நோக்கித் தூக்கி எறிந்தால் சாய்வினால் அந்தப் பங்கு கொஞ்சம் கிடைக்கும், கொஞ்சம்தான். இரண்டு சக்கரங்களையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் கோணலாகத் திருப்பி வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அப்புறம் பந்து எங்கே போகும் என்பதை வெல்டிங் பட்டறையில் தீர்மானிக்க முடியாது.

சுழலுக்கென்றே தனியாகச் செய்த இயந்திரங்களும் உண்டு. 2005 ஆஷஸ் தொடருக்கு முன் இங்கிலாந்து அணி வார்னைச் சமாளிக்க ‘மெர்லின்’ என்ற இயந்திரத்தோடு பயிற்சி செய்தது, பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. தொடரை இங்கிலாந்து வென்றது உண்மை. அதே தொடரில் வார்ன் எடுத்த விக்கெட்டுகள் 40.

இயந்திரம் பந்தைத்தான் தரும், பௌலரைத் தராது. மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இயந்திரம் வீசிய பந்தை ஆடியவர்களின் கண்ணசைவைப் படம் பிடித்தார்கள். பந்து கிளம்புவதை ஒரு கணம் பார்த்துவிட்டு, அது தரையில் படப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிவிடுகிறது. நல்ல பேட்டரின் கண் இன்னும் சீக்கிரம் தாவுகிறது. மைதானத்தில் அந்தத் தாவலுக்கான துப்பு பந்து கையை விடுவதற்கு முன்பே கிடைக்கத் தொடங்குகிறது, ஓட்டத்தில், தோளில், மணிக்கட்டில். இயந்திரத்தில் இருப்பது ஒரு துளை. இயன் ரென்ஷாவும் சகாக்களும் 2007-இல் பார்த்தபோது, இயந்திரத்துக்கு எதிரே ஆடுகையில் மட்டையைத் தூக்குவதும் முன்காலை எடுத்து வைப்பதும் பௌலருக்கு எதிரே ஆடும் ஒத்திசைவிலிருந்து மாறிப்போயிருந்தன. இதற்கு மாற்றும் உண்டு. இந்திய அணியில் கர்நாடகத்தின் ராகவேந்திரா, எல்லோரும் ரகு என்று கூப்பிடுபவர், நீண்ட கரண்டி போன்ற சைட்ஆர்மால் 140-க்கு மேல் எறிந்து பழக்கியதைக் கோலி வெளிப்படையாகவே புகழ்ந்திருக்கிறார். மின்சாரம் வேண்டாம், எறிகிற ஆளின் தோள் கண்ணுக்குத் தெரிகிறது. விலையும் மெஷினோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

அதனால் மெஷினைச் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. ஷார்ட் பிட்ச் பந்துக்குப் பயப்படுகிற பையனுக்கு ஒரே இடத்தில் ஐம்பது பந்து போட எந்தப் பௌலரின் முதுகும் தாங்காது, அங்கே இதற்கு ஈடில்லை. 12 வோல்ட் டி.சி. மோட்டார்கள், கார் பேட்டரி, தனித்தனி வேகக் கட்டுப்பாடு, கனமான சக்கரங்கள் இரண்டு. மைதானத்தில் பிளக் பாயின்ட் தேட வேண்டியதில்லை. பந்தை உள்ளே விடுவதற்கு முன் கையைத் தூக்கிக் காட்டுங்கள், பேட்டருக்கு அந்தத் துப்பாவது கிடைக்கட்டும்.

லெக் ஸ்பின்னுக்கு மட்டும் சேப்பாக்கம் வழி. 1998-இல் ஆஸ்திரேலிய அணியோடு வார்ன் வருவதற்கு முன் டெண்டுல்கர் சென்னையில் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை லெக் ஸ்டம்புக்கு வெளியே, சொரசொரப்பாக்கிய தரையில் வீசச் சொல்லி ஆடிப் பழகினார். சேப்பாக்கம் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் வார்ன் அவரை 4 ரன்னில் எடுத்துவிட்டார். இரண்டாவதில் 155, ஆட்டமிழக்கவில்லை. உங்கள் அணியில் மணிக்கட்டைத் திருப்புகிற பையன் ஒருவன் இருந்தால், கோணல் சக்கரத்துக்குச் செலவழிக்கும் காசில் அவனுக்கு முதலில் ஒரு நல்ல ஸ்பைக்ஸ் ஷூ வாங்கிக் கொடுங்கள். அவன் காலடியில் பிட்ச் தானாகவே சொரசொரப்பாகும்.