ஓட்டை ஜீப்பும் ஒரு பி.காமும்!

எங்கள் வீட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரியும். முன்கண்ணாடி வழியாக அல்ல, காலடியில்!

1974-ம் வருஷத்து மகிந்திரா. பெட்ரோல் வண்டி. போடியிலிருந்து மலைமேலே ஏலத்தோட்டத்துக்குப் போய்வர அப்பா வாங்கியது. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1953-ல் கொண்டுவந்த சி.ஜே. 3பி ஜீப்பின் வாரிசு. இன்டேக் வால்வு மேலே ஏறியதால் எஞ்சின் உயரமாகிவிட, அதை மூட பானெட்டையும் உயர்த்தினார்களாம். அதனால்தான் இன்றைக்கும் சம்பந்தி வீட்டார் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"ஆர்.சி. புதுப்பிக்கிற தேதி வருது. இந்த ஓட்டையோடவா போகப் போறீங்க?" என்றாள் மனைவி. பதினைந்து வயது தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பரீட்சை உண்டு.

மைத்துனன் வேறு ஆசை காட்டினான். "வெட்டுறதுதான் வெட்டுறோம் மச்சான், பாடியைப் பின்னாடி ஒண்ணரை அடி இழுத்துடுவோம். முன்னாடி ஒரு கிராஷ் கார்டு. வண்டி சும்மா சிங்கம் மாதிரி இருக்கும்!"

வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் வீட்டுக்கு வந்தன. நானோ பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே ஷீட், பேலன்ஸ் ஷீட்தான்.

துருப்பிடிக்காது என்ற கணக்கில் முதலில் ஜி.ஐ. ஷீட் வாங்கினேன். வெல்டிங் வைத்ததும் வெள்ளையாகப் புகை. அன்று ராத்திரி உடம்பு உதறி, ஜுரம். மலேரியா என்று மனைவி பயந்தே போனாள். பட்டறை பாய் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது துத்தநாகப் புகை தம்பி. ஜி.ஐ.ல வெல்டிங் வெச்சா இப்படித்தான். பதினெட்டு கேஜ் சாதா சி.ஆர். தகடு வாங்குங்க."

அடுத்து துரு. தரைத் தகட்டுக்கும் அதைத் தாங்கும் குறுக்குப் பட்டைக்கும் நடுவே மலைச்சேறு புகுந்து ஈரமாகவே கிடக்கும். துரு அடியிலிருந்து தின்றுகொண்டே வரும், மேலே பெயின்ட் மட்டும் ஜம்மென்று இருக்கும். துருவின்மேல் வெல்டிங் பிடிக்காது. பளபளவென்று நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்ட வேண்டும். உள்ளங்கை அகல ஓட்டை, காபி தட்டு அகலமாயிற்று. வாராக்கடன் மாதிரிதான். கணக்கில் தெரிவது கொஞ்சம், தோண்டினால் வருவது மிச்சம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் பக்கத்துக்கு வந்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். பெட்ரோலைச் சொட்டு விடாமல் கேனில் வடித்தேன். முகமூடியை இறக்கி, ராடைத் தகட்டுக்குக் கொண்டுபோனேன். தீப்பொறி வரவில்லை. திரும்பிப் பார்த்தால், பிடுங்கிய பிளக்கோடு அப்பா நிற்கிறார். திண்ணையை விட்டு எழுந்திருக்கவே யோசிக்கிற மனிதர்!

"டேங்க் எங்கடா இருக்கு?"

"டிரைவர் சீட்டுக்கு அடியில. அதான் காலி பண்ணிட்டேனேப்பா."

"காலி டேங்க்தாண்டா எமன். எரியறது பெட்ரோல் இல்ல, அதோட ஆவி. காலி டேங்க் பூரா ஆவிதான். முப்பது வருஷம் அதுமேல உட்கார்ந்து ஓட்டினவன் சொல்றேன்."

ராடுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. வாசலில் என் மகள் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது.

டேங்கைக் கழற்றி, தோட்டத்துக் கோடியில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் வேலை தொடர்ந்தது. கூடவே ஆசையும் கழன்றது. "பின்னால நீட்டி ஆளை ஏத்தினா, மெட்டு ஏத்தத்துல முன்சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்காது" என்றார் அப்பா. சட்டமும் அவர் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்துவிட்டது. கிராஷ் கார்டு மாட்டுபவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

கல்லூரியில் ரிப்பேர்ச் செலவு வேறு, அபிவிருத்திச் செலவு வேறு என்று வாத்தியார் தலைபாடாகச் சொன்னார். அன்று மார்க்குக்காகப் படித்தது, இருபது வருஷம் கழித்து ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தபோது புரிந்தது.

அப்புறம் பாய் சொன்னபடியே செய்தேன். பழைய காலண்டர் அட்டையை ஓட்டைக்குத் தகுந்தபடி வெட்டி, அந்த அளவில் தகட்டை வெட்டினேன். ஒரே இழுப்பாக வெல்டிங் வைத்தால் தகடு அப்பளமாகச் சுருளும். அதனால் இந்த மூலையில் ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு, நடுவே சூடு ஆறக் காத்திருப்பு. ராடை ஒரு நொடி அதிகம் வைத்தாலும் பொத்தல். ஒரு ஓட்டையை அடைக்கப் போய் ஏழு புது ஓட்டை போட்ட பெருமையும் எனக்கு உண்டு. கடைசியில் அடியிலும் மேலுமாக ரெட் ஆக்சைடு அடித்து முடித்தேன்.

ஆர்.சி. புதுப்பித்த அன்று அப்பாவை டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தேன். காலால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"என்னப்பா, சரியில்லையா?"

"ரோடு தெரியலையேடா!" என்றார்.