வீட்டு இணையமும் முறைப்பாசனமும்

நெசவாளர் இல்லத்தில் கணினி இருப்பதே அரிய செய்தியாயிருந்த காலம் ஒன்றுண்டு. இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. மூத்த மகன் சேலைக்குரிய புட்டா வடிவங்களை ஒரு கணினியில் வரைகின்றான். மகள் மற்றொன்றில் பாடம் பயில்கின்றாள். தந்தையார் கைப்பேசியில் விளைபொருள் விலையைப் பார்க்கின்றார். ஆயினும் வீட்டுக்குள் நுழையும் இணைய இணைப்போ ஒன்றே. அவ்வொன்றைப் பலரும் எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றனர், அப்பகிர்வில் குறை நேர்வது எதனால், அதனை நீக்கும் வழி யாது என்பவற்றை அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருப்பது நலம். இவற்றை அறியாமையால் மாதந்தோறும் வீண்செலவு செய்யும் குடும்பங்களை நாம் கண்டிருக்கின்றோம்.

முகவரி ஒன்று, கணினிகள் பல

இணையத்தில் செய்தி பெறும் எக்கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். நெடுங்காலமாக வழங்கிவரும் முறையில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. பெருகிவரும் கருவிகளுக்கு இது போதாது என்பதை உணர்ந்த பொறியாளர்கள், வெளியுலகிற்கு ஒரு முகவரியும் வீட்டுக்குள் தனித்தனி முகவரிகளும் வைத்துக்கொள்ளும் வழியை 1994ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். சில எண் தொகுதிகள் இத்தகைய உள்வழக்கிற்கென்றே ஒதுக்கப்பட்டன. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த முகவரிகள் தீர்ந்தபோதும் இணையம் முடங்காமல் நடந்தமைக்கு இவ்வேற்பாடு ஒரு முக்கிய காரணமாகும். உங்கள் கணினியின் முகவரி 192.168 எனத் தொடங்குமாயின், அது உள்முகவரியே என்று அறிக. அடுத்த வீட்டிலும் அதே எண் இருக்கலாம். அதனால் குழப்பம் நேராது.

குழப்பம் நேராமல் காப்பது ரவுட்டர் என்னும் சிறு பெட்டி. அதன் வேலை சங்கக் காரியதரிசியின் வேலையை ஒத்தது. அங்கத்தினர் எழுதும் கடிதங்கள் யாவும் சங்கத்தின் விலாசமிட்டு வெளியே செல்கின்றன என்று கொள்வோம். எக்கடிதம் எவருடையது என்பதைக் காரியதரிசி எண்ணிட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்கின்றார். பதில் வந்தவுடன் அவ்வெண்ணைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கின்றார். ரவுட்டரும் இவ்வாறே ஒவ்வொரு வேண்டுகோளையும் எண்ணிட்டுக் குறித்துக்கொண்டு, பதிலை உரிய கணினிக்கு அனுப்புகின்றது. இவ்வளவும் நொடியின் சிறு பின்னத்தில் நிகழ்ந்துவிடுகின்றது. புதிய முகவரி முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி வெளிமுகவரி கிடைக்கக்கூடும்; எனினும் வீட்டுக்கு வரும் கம்பி ஒன்றே ஆதலால், பகிர்வின் தொல்லைகள் அதனால் தீர்ந்துவிடமாட்டா.

வேகம் பங்கிடப்படும் விதம்

ஓர் இல்லத்தில் 40 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு இருப்பதாகக் கொள்வோம். எட்டு மெகாபிட் சேர்ந்ததே ஒரு மெகாபைட். ஆகவே அவ்வீட்டில் நொடிக்கு 5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. ஒருவர் மட்டும் பயன்படுத்துங்கால் முழு வேகமும் அவருக்கே. ஐவர் ஒருசேரப் பயன்படுத்தினால் ஒவ்வொருவருக்கும் 8 மெகாபிட் கிடைக்கும் என எண்ணத் தோன்றும். ஆனால் சாதாரண ரவுட்டர் ஆள்கணக்குப் பார்ப்பதில்லை. ஒரே சமயத்தில் பல கோப்புகளை இழுக்கும் கணினி அதிகப் பங்கைக் கொண்டுவிடும். ஒரே பக்கத்தைத் திறக்க முயலும் கணினி கடைமடை வயல்போல் காய்ந்து நிற்கும்.

வேளாண்மை செய்யும் அங்கத்தினர்களுக்கு இது புதிய விஷயமன்று. வாய்க்கால் ஒன்று, வயல்கள் பல என்றால் முறைவைத்தே பாய்ச்சவேண்டும். ஆனால் ஒரு வேற்றுமையையும் நினைவிற்கொள்ள வேண்டும். குளத்தில் தேங்கிய நீர் நாளைக்கு உதவும். இன்று பயன்படாமற்போன வேகமோ நாளைக்குச் சேர்வதில்லை. எனவே ஆளுக்கு இவ்வளவு என அளந்து பூட்டிவைப்பதைவிட, எப்பணி காத்திருக்கலாகும், எப்பணி காத்திருக்கலாகாது என்று பிரித்தறிவதே பயனுடைய முறையாகும்.

ஏற்றத்தில் நேரும் அடைப்பு

நாம் அறிந்த ஒரு நெசவாளர் இல்லத்தில், மகளின் தேர்வு விண்ணப்பத்திற்கு அன்று மாலை ஐந்து மணியே கடைசி. விண்ணப்பப் பக்கம் நான்கு மணி முதல் அசையவேயில்லை. பெற்றோர் கலங்கிவிட்டனர், இணைப்பே பழுது என்று முடிவு செய்து, இரண்டாவது இணைப்புக்குப் பணம் கட்டவும் ஆயத்தமாயினர். உண்மையில் நடந்தது வேறு. மேல்மாடியில் அண்ணன், தறி ஓடும் காட்சியைப் படமெடுத்து வாங்குவோருக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். சில திட்டங்களில் இறங்கும் வேகத்தைக் காட்டிலும் ஏறும் வேகம் மிகக் குறைவு. ஏறும் வேகம் 5 மெகாபிட் மட்டுமே எனின், 600 மெகாபைட் படம் ஏறி முடிய 16 நிமிடங்கள் ஆகும். அவன் அனுப்பியவையோ பல படங்கள். ஒரு பக்கத்தைப் பெறுவதற்கும் முதலில் வேண்டுகோள் மேலே சென்றாக வேண்டும். அவ்வழி அடைபட்டதால் தங்கையின் வேண்டுகோள் வரிசையில் நின்றுவிட்டது. அண்ணன் தன் வேலையை நிறுத்திய சிறிது நேரத்தில் விண்ணப்பம் சென்று சேர்ந்தது. அன்று அக்குடும்பத்திற்கு வேண்டியிருந்தது இரண்டாவது இணைப்பன்று. ஒரு வீட்டு ஒழுங்கே.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பெரிய கோப்புகளை ஏற்றுவதையும் இறக்குவதையும் இரவு உணவுக்குப் பின் வைத்துக்கொள்க. விண்ணப்பம், வகுப்பு, வங்கிப் பணி ஆகியவற்றுக்குப் பகற்பொழுதில் முதலிடம் தருக. முன்னுரிமை அமைக்கும் வசதி ரவுட்டரில் இருப்பின் அதனையும் பயன்படுத்துக.

இரண்டாவதாக, ரவுட்டரை வீட்டின் நடுவே சற்று உயரத்தில் வைக்க வேண்டும். இரும்பு பீரோவும் கான்கிரீட் சுவரும் வைஃபை அலைகளை மெலியச் செய்யும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவுக்கு எட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் மிக்கது, ஆனால் சுவர் கடப்பதில் வலிமை குன்றியது. நாள்தோறும் வேலை செய்யும் கணினிக்குக் கேபிள் இழுத்துவிடுவதே சாலச் சிறந்தது. செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை பழுதின்றி உழைக்கும்.

மூன்றாவதாக, கடவுச்சொல்லைப் பற்றியது. ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றிவிடுக. பூட்டு முறையைக் கேட்கும் இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்பதைத் தேர்ந்தெடுக்க. பழைய டபிள்யூஇபி முறை எளிதில் உடைபடுவது. வந்துபோவோருக்கு விருந்தினர் இணைப்பைத் தனியே வைத்துக்கொள்ளலாம். ஒரே வீட்டு வலையிலுள்ள கணினிகள் ஒன்றையொன்று காணவல்லவை ஆதலின், சங்கக் கணக்குள்ள கணினியில் பொதுக் கோப்புறைகளைத் திறந்துவைத்தல் ஆகாது.

நான்காவதாக, செலவைக் குறைக்கும் நோக்கில் அடுத்த வீட்டாருக்கும் கடவுச்சொல் தரும் வழக்கம் சிற்றூர்களில் காணப்படுகின்றது. நல்லெண்ணத்தால் செய்வதே எனினும், அவ்விணைப்பின் வழியே எவர் எது செய்தாலும் இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவரிடமே முதலில் விளக்கம் கேட்கப்படும். இணைப்பைப் பிறருக்குக் கட்டணத்திற்கு விடுவதற்கு நிறுவனங்களின் நிபந்தனைகள் பொதுவாக இடந்தருவதில்லை. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்த பின்னரே முடிவு செய்க.

வேகம் போதவில்லை என்று கருதும் அங்கத்தினர்கள், உயர்ந்த கட்டணத் திட்டத்திற்கு மாறுவதற்கு முன் ஒரு வார காலம் இவ்வொழுங்கைக் கடைப்பிடித்துப் பார்ப்பார்களாக. ஒருமுறை எல்லாக் கணினிகளையும் நிறுத்திவிட்டு, கேபிளில் இணைந்த ஒன்றில் மட்டும் வேகத்தை அளந்து எழுதிவைக்கவும். அவ்வளவு, கட்டணத்திற்குரிய வேகத்தினும் மிகக் குறைந்திருந்தால் நிறுவனத்திடம் முறையிடுவதற்கு அதுவே சான்றாகும். குறையாதிருந்தால், தீர்வு வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது என்று கொள்க.