70 வளைவு ஏறுமா ஹைப்ரிட் கார்?
கொல்லிமலைப் பாதையில் ஒரு கணக்கு: பெட்ரோல் கார் லாபமா, இரட்டை எந்திரக் கார் லாபமா?

கொல்லிமலை!

வல்வில் ஓரி ஆண்ட மலை. அறப்பளீசுவரர் கோவில் கொண்ட மலை. ஆகாயகங்கை அருவி விழும் மலை. நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது.

அடிவாரத்தில் காரவள்ளி என்ற ஊர். அங்கிருந்து மேலே போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். காரில் போகும் குழந்தைகள் அதைச் சத்தம் போட்டு எண்ணுவார்கள். ஓட்டுகிறவர் மட்டும் வாய் திறக்கமாட்டார். அவர் கண் பாதையிலே இருக்கும்.

மலை உச்சி, கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். ஒரு காரின் உடல் வலுவைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை. ஆடி மாதம் ஓரி விழாவுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால், பல புதிய கார்கள் முதல் பரீட்சை எழுதுவதே இங்கேதான் என்று தோன்றும்.

இப்போது குடும்பங்கள் விரும்பிக் கேட்கும் கார் "எஸ்.யு.வி." என்ற ரகம். கொஞ்சம் உயரமான கார். அடிப்பாகம் தரையில் தட்டாது. மேடு பள்ளத்துக்கு ஏற்றது. இதிலேதான் ஒரு சண்டை. வெறும் பெட்ரோலில் ஓடுவதை வாங்குவதா? பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும் "ஹைப்ரிட்" வாங்குவதா?

"ஹைப்ரிட் வாங்கினால் பெட்ரோல் மிச்சம்" என்பார் வீட்டுக்காரர்.

"ஏனுங்க, அதுக்குக் கூடக் கொடுக்கிற பணம் திரும்பி வர எத்தனை வருசம் ஆகுமுங்க?" என்பார் வீட்டுக்கார அம்மாள்.

அம்மாள் கேட்பதுதான் சரியான கேள்வி. அதற்குத்தான் இந்தக் கணக்கு.

சைக்கிள் டைனமோ தெரியுமா?

பழைய சைக்கிளில் ஒரு டைனமோ இருக்கும். சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். ஹைப்ரிட் காரில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். பிரேக்கை மிதிக்கும்போது, மின்சார மோட்டார் டைனமோவாக மாறுகிறது. சக்கரத்தின் வேகம் மின்சாரமாகி பாட்டரிக்குப் போகிறது. மறுபடி கார் கிளம்பும்போது அந்த மின்சாரமே காரைத் தள்ளுகிறது. பெட்ரோல் எந்திரம் அந்த நேரத்தில் சும்மா இருக்கும். வீட்டில் வயர் போட்டு சார்ஜ் ஏற்றும் வேலை இல்லை.

இப்படிப்பட்ட காரை முதன்முதலில் பெருமளவில் தயாரித்து விற்றது ஜப்பானின் டொயோட்டா கம்பெனி. ஆண்டு 1997. காரின் பெயர் பிரியஸ்.

நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்தின் எஸ்.யு.வி.க்கு இது வந்தது 2022-ல்தான். மாருதி சுசுகியின் கிராண்ட் விட்டாரா, டொயோட்டாவின் ஹைரைடர் என்ற இரண்டு கார்கள். பெயர்தான் இரண்டு, உள்ளே இருக்கும் எந்திரங்கள் ஒன்றே. கர்நாடகத்தில் பிடதி என்ற ஊரில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையில் உருவாகி வெளிவந்தவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ஸ்மார்ட் ஹைப்ரிட்" என்று ஒரு வகை உண்டு. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. அதில் இருப்பது ஒரு சிறிய மோட்டார். எந்திரத்துக்குக் கைகொடுக்கும், அவ்வளவே. மின்சாரத்தில் மட்டும் அந்தக் கார் ஒரு அடிகூட நகராது. நடைமுறையில் அது பெட்ரோல் கார்தான். மின்சாரத்தில் தானே ஓடக்கூடியது "ஸ்ட்ராங் ஹைப்ரிட்". இந்தக் கட்டுரையில் ஹைப்ரிட் என்று சொல்வதெல்லாம் அதைத்தான்.

விலை எவ்வளவு?

கிராண்ட் விட்டாரா வந்த புதிதில், 2022 செப்டம்பரில், விலை 10 லட்சத்து 45 ஆயிரம் ரூபாயில் தொடங்கியது. கடை விலை, வரி, இன்சூரன்சு வேறு. அதிலே "ஜீட்டா" என்ற வகை, கியர் தானாக மாறும் பெட்ரோல் கார், 15 லட்சத்து 39 ஆயிரம். அதற்கு அடுத்த ஹைப்ரிட், "ஜீட்டா பிளஸ்", 17 லட்சத்து 99 ஆயிரம். வித்தியாசம் 2 லட்சத்து 60 ஆயிரம்! மற்ற வசதிகளிலும் சிறு வேற்றுமை உண்டு என்றாலும், பெரும்பாலான பணம் ஹைப்ரிட்டுக்குத்தான்.

ஹைரைடரில் இடைவெளி குறைவு. "எஸ்" வகையில் தானாகக் கியர் மாறும் பெட்ரோல் கார் 13 லட்சத்து 48 ஆயிரம். ஹைப்ரிட் 15 லட்சத்து 11 ஆயிரம். வித்தியாசம் 1 லட்சத்து 63 ஆயிரம்.

அதற்குப் பிறகு விலைகள் பலமுறை மாறிவிட்டன. கடையில் இன்றைய விலையைக் கேட்டு, இதே முறையில் கழித்துப் பாருங்கள்.

இனி மிச்சக் கணக்கு. ஒரு லிட்டருக்குப் பெட்ரோல் கார் 20.58 கிலோமீட்டர், ஹைப்ரிட் 27.97 கிலோமீட்டர் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்கு மிச்சம் சுமார் 1,285 ரூபாய்.

இந்த வேகத்தில் 2 லட்சத்து 60 ஆயிரம் திரும்பி வர 16 ஆண்டுக்கு மேல் ஆகும்! மடியில் இருக்கும் குழந்தை கல்லூரி வாசலுக்கே போய்விடும். 1 லட்சத்து 63 ஆயிரம் என்றாலும் பத்தரை ஆண்டு.

ஆனால் கம்பெனிக் கணக்கு சோதனைச் சாலையில் உருளைமேல் ஓட்டி எடுத்தது. ஊருக்குள் நின்று நின்று போகும்போது பெட்ரோல் கார் நிறையக் குடிக்கும். ஹைப்ரிட் அந்த இடத்தில்தான் கெட்டிக்காரன். பெட்ரோல் காருக்கு 13, ஹைப்ரிட்டுக்கு 20 என்று வைத்துப் பார்த்தால் மாதம் 2,690 ரூபாய் மிச்சம். சிறிய இடைவெளி 5 ஆண்டில் அடையும். பெரிய இடைவெளிக்கு 8 ஆண்டு.

8 ஆண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைப்ரிட் பாட்டரிக்கு இரு கம்பெனிகளும் தந்த உத்தரவாதம் 8 ஆண்டு, அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர். எது முந்துகிறதோ அது. போட்ட பணம் கைக்கு வருமுன் உத்தரவாதம் முடிந்துவிட்டால், மிச்சம் என்று சொல்வது எப்படி?

நாள்தோறும் 100 கிலோமீட்டர் ஓடுகிறவர் கதை வேறு. அவருக்குக் கம்பெனிக் கணக்கிலேயே மூன்றரை ஆண்டில் சிறிய இடைவெளி தீர்ந்துவிடும். அவர் ஹைப்ரிட் வாங்கலாம், தயங்க வேண்டாம்.

மலையில் என்ன நடக்கும்?

இனிதான் கொல்லிமலை. இதைக் கார்க் கடைகளில் யாரும் சொல்வதில்லை.

வீட்டு மீட்டரில் "யூனிட்" என்று மின்சாரத்தை அளக்கிறோம் அல்லவா? அந்தக் கணக்கில் பார்ப்போம். ஐந்து பேர் ஏறிய கார் சுமார் 1,600 கிலோ எடை. அதை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 4 யூனிட்டுக்கு மேல் வேண்டும். இந்தக் கார்களின் ஹைப்ரிட் பாட்டரியில் அடங்குவதோ 0.76 யூனிட். முக்கால் யூனிட்தான்! அதையும் முழுதும் வழித்தெடுக்கக் கார் விடாது.

ஆகவே முதல் சில வளைவுகளிலேயே பாட்டரி களைத்துவிடும். மீதி வளைவுகளில் பெட்ரோல் எந்திரம்தான் பாரம் சுமக்க வேண்டும். ஏறாது என்று பயப்பட வேண்டாம், ஏறும். பெட்ரோல் காரின் எந்திரம் 1,462 சி.சி., 103 குதிரைசக்தி. ஹைப்ரிட்டின் எந்திரம் 1,490 சி.சி., 92 குதிரைசக்தி. மோட்டாரும் சேர்ந்தால் 115. ஆனால் ஏற்றத்தில் எந்திரம் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே வரும். புதிதாக வாங்கியவர் "கார் கெட்டுவிட்டதோ" என்று கலங்குவார். கெடவில்லை. அதன் கியர் அமைப்பு அப்படி.

இறங்கும்போது? அந்த 4 யூனிட்டும் திரும்பக் கிடைக்க வேண்டும். சக்கரத்திலும் காற்றிலும் கொஞ்சம் போகும். மீதியைப் பிடித்து வைக்கப் பாட்டரியில் இடம் ஏது? பாதி மலை இறங்குவதற்குள் நிரம்பிவிடும். குடத்தை அருவிக்கு அடியில் வைத்தால் ஒரு குடம் தண்ணீர்தானே பிடிக்கலாம்!

பெட்ரோல் காரும் இறக்கத்தில் கியரில் வந்தால் எந்திரத்துக்குப் பெட்ரோல் போவதில்லை. எனவே மலைப்பாதையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. சேலத்துக் கடைவீதியிலே ஹைப்ரிட் மிச்சம் பிடித்துத் தரும். காரவள்ளிக்கு மேலே அவ்வளவாகத் தராது.

நாமக்கல் லாரி ஓட்டிகளுக்குத் தெரிந்த பழைய விதி: ஏறிய கியரிலேயே இறங்கு. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். ஹைப்ரிட்டில் கியர் மாற்றும் வேலை இல்லையே என்று கேட்கலாம். அதற்காகத்தான் "பி" என்ற எழுத்து போட்ட நிலை இருக்கிறது. இறக்கம் தொடங்கியதும் அதில் தள்ளிவிட வேண்டும். எந்திரமே காரைப் பிடித்து நிறுத்தும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பது எல்லாருக்கும் பொது.

சின்னக் கார் போதாதா?

மேலே சொன்ன கார்களின் நீளம் 4 மீட்டருக்கு மேல். அதைவிடச் சிறிய எஸ்.யு.வி.களும் உண்டு. டாட்டா பஞ்ச் 2021 அக்டோபரில் 5 லட்சத்து 49 ஆயிரத்தில் தொடங்கியது. ஹூண்டாய் எக்ஸ்டர் 2023 ஜூலையில் சுமார் 6 லட்சத்தில் தொடங்கியது. இரண்டும் 1,200 சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் எந்திரம். பஞ்ச், கிராண்ட் விட்டாராவைவிட அரை மீட்டர் நீளம் குறைவு. கொண்டை ஊசியில் அந்த அரை மீட்டருக்கு மதிப்பு உண்டு. ஆனால் 80-க்குச் சற்று மேற்பட்ட குதிரைசக்திதான். உயரம் போகப் போகக் காற்று மெலிந்து, அதிலும் பத்தில் ஒரு பங்கு குறையும். ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் இரண்டாவது கியரை விடவே முடியாது.

வரியிலும் சின்னக் காருக்குச் சலுகை. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எந்திரமும் உள்ள காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு மேற்பட்ட கார்களுக்குப் பெட்ரோலானாலும் ஹைப்ரிட்டானாலும் 40 சதவீதம். இதுபோக, தமிழ்நாட்டுச் சாலை வரி, 2023 நவம்பரில் உயர்த்தியபோது, 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு 18 சதவீதம் ஆனது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்றால் 13. ஹைப்ரிட்டுக்காகக் கூடக் கொடுக்கும் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் இந்த வரி உண்டு. 18 சதவீதம் என்றால் 46,800 ரூபாய்! மிச்சக் கணக்கு போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. பாட்டரி உட்கார இடம் வேண்டும் அல்லவா? அது டிக்கியிலிருந்து போகிறது. கிராண்ட் விட்டாரா பெட்ரோல் காரில் டிக்கி 373 லிட்டர். ஹைப்ரிட்டில் 265. கொல்லிமலைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. மிளகு, அன்னாசி, வாழைத்தார் என்று ஏதாவது ஏறும். பலாப்பழக் காலமானால், பெட்ரோல் காரில் துணிப்பெட்டிகளோடு பழமும் டிக்கியில் அடங்கும். ஹைப்ரிட்டில் ஒரு பழத்தைப் பின் சீட்டில் பாட்டியின் காலடியில்தான் வைக்க வேண்டியிருக்கும்.